வீடு பார்க்கப் போனால் சாதி பார்க்கிறார்கள்

வீடு வாங்குவது பற்றித் தமிழில் எந்தக் கட்டுரையைப் படித்தாலும், எந்தக் காணொலியைப் பார்த்தாலும் முதல் அறிவுரை ஒன்றுதான். தரகர் சொல்வதை நம்பாதே, படத்தைப் பார்த்து முன்பணம் கொடுக்காதே, நீயே நேரில் போய்ப் பார். நல்ல அறிவுரை. இத்தனை ஆண்டுச் சேமிப்பையும் இனி வரப்போகும் இருபது ஆண்டுச் சம்பளத்தையும் கொட்டி வாங்கும் ஒன்றை நேரில் பாராமல் வாங்கக் கூடாது. ஆனால் இதை எழுதுகிறவர்களுக்கு ஒரு விசயம் பிடிபடுவதில்லை. வீடு பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் பார்ப்பதற்கு மட்டும் போவதில்லை. எங்களைப் போன்றவர்கள் பார்க்கப்படவும் போகிறோம்.

கடந்த எட்டு மாதமாக நானும் என் இணையரும் மதுரையில் வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். ஆனையூர், விளாங்குடி, நாகமலை புதுக்கோட்டை, ஒத்தக்கடை என்று பதினான்கு வீடுகளில் ஏறி இறங்கியாகிவிட்டது. இரண்டு பேருக்கும் நிரந்தர வேலை. வங்கியின் கடன் ஒப்புதல் கையில் இருக்கிறது. பதினான்கில் ஐந்து வீடுகளை நாங்கள் வேண்டாம் என்றோம். பத்திரத்தில் சிக்கல், சுவரில் ஓதம், குடிக்க முடியாத தண்ணீர் எனக் காரணங்கள் இருந்தன. மூன்று வீடுகளின் விலை கட்டுப்படியாகவில்லை. மீதி ஆறு வீட்டுக்காரர்கள் எங்களை வேண்டாம் என்றார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருவர்கூட "உங்க சாதிக்கு விக்க மாட்டோம்" என்று சொல்லவில்லை. இப்போதெல்லாம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "பையன் துபாய்ல இருந்து போன் பண்ணி வேணாம்னுட்டான்", "சொந்தத்துலயே ஒருத்தர் கேட்டுட்டாங்க", "இந்த வருசம் விக்க வேணாம்னு ஜோசியர் சொல்லிட்டாரு". சொந்தத்தில் ஒருவர் கேட்டுவிட்டதாகச் சொன்ன வீடு அடுத்த மூன்று மாதமும் அதே தரகரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விற்பனைக்கு வந்துகொண்டே இருந்தது.

மறுப்புக்கு முன்னால் விசாரணை நடக்கும். "சொந்த ஊர் எது?" சொன்னால், "ஊர்ல எந்தப் பக்கம்?" பிறகு "அப்பா என்ன வேலை பாத்தாரு?" அதிலும் விளங்காவிட்டால் "குலதெய்வம் எது?" கடைசியாக "கறி சாப்பிடுவீங்களா?" இதை எங்களிடம் கேட்ட ஒருவரின் அடுக்களையிலிருந்து மீன்குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது. எந்தக் கறி என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

1917இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார் அம்பேத்கர். தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. அன்று மாலைக்குள் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஊரில் ஒருவரும் இடம் தராததால் பொதுப் பூங்காவில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயிலேறினார். படிப்பு வந்தால் சாதி போகும் என்று நம்பியவர்களுக்கு அந்தப் பூங்கா பதில் சொன்னது. இன்று அந்த நம்பிக்கை பணத்தின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. "சந்தைக்குச் சாதி கிடையாது, காசு இருந்தால் எவனும் விற்பான்" என்று சொல்கிற முற்போக்காளர்களையும் நான் பார்க்கிறேன். சந்தை விலைக்கு மேலேயே கொடுக்கத் தயாராக இருப்பவருக்கு விற்காமல் மூன்று மாதம் வீட்டைப் பூட்டி வைக்கிறவர் எந்தச் சந்தையின் விதியைப் பின்பற்றுகிறார்?

இந்த இடத்தில்தான் நண்பர்கள் ஒரு வழி சொல்கிறார்கள். "முதலில் வேறு சாதித் தோழர் ஒருவரை அனுப்பிப் பேசி முடித்துவிடுங்கள். பத்திரப்பதிவுக்கு மட்டும் நீங்கள் போங்கள்." இந்த வழியில் வீடு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒளிந்து வாங்க வேண்டிய நிலையை உருவாக்கியவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். ஆனாலும் நாங்கள் நேரில்தான் போகிறோம். இதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்த பிறகு ஆதார் அட்டையில் முகவரியைப் பார்த்துவிட்டு ஒருவர் பின்வாங்கினால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க நாய்படாத பாடு பட வேண்டும். இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தத் தெருவில் நாங்கள் முப்பது ஆண்டு வாழ வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் எங்களைப் பார்க்கும் பார்வையை முதல் நாளே நாங்களும் பார்த்துவிட வேண்டும்.

வீட்டில் எதைப் பார்ப்பது?

நேரில் போகும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். நம் வீடுகளில் வீடு வாங்கிய அனுபவம் உள்ள பெரியப்பா, சித்தப்பா பலருக்குக் கிடையாது. பல குடும்பங்களில் இதுதான் முதல் பத்திரம். அந்த அனுபவத்தை நாமே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே வீட்டை இரண்டு முறை பாருங்கள், அதில் ஒரு முறை மழைக்கு மறுநாளாக இருக்கட்டும். புதிதாக வெள்ளையடித்த வீட்டில் கூடுதல் கவனம் தேவை. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் சுவரைக் கையால் தடவினால் ஓதம் தெரியும். உப்புப் பூத்த இடத்தில் பெயின்ட் பொரிந்து வரும். மயிரிழை விரிசல்கள் பூச்சில் வரும், பயப்பட வேண்டாம். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் அகலமான விரிசல் அடித்தளம் இறங்கியதைக் காட்டலாம். திருமங்கலம் பக்கம் போல கரிசல் மண்ணாக இருந்தால் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும்; அஸ்திவாரம் எத்தனை அடி என்று கேளுங்கள். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கிய கறை இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள். போர் தண்ணீரை ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு சிவில் பொறியாளர் வந்து பார்த்துச் சொல்வார் என்றால், பல லட்சம் கடன் வாங்குகிறவர் அந்தச் செலவுக்கு யோசிக்கக் கூடாது.

பிறகு ஆவணங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தை நீங்களே பார்க்கலாம். குறைந்தது முப்பது ஆண்டுக்குப் பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, புல வரைபடத்தில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒன்றா, மனைப்பிரிவுக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். தாய்ப்பத்திரத்தைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து படியுங்கள். அதன் செக்குபந்தியில் ஊரின் சாதி வரைபடம் இருக்கும். கிழக்கே எந்தத் தெரு, மேற்கே எந்தச் சேரிக்குப் போகிற பாதை என்று தெருக்களின் பழைய பெயர்கள் அப்படியே எழுதப்பட்டிருக்கும். வாங்குபவர், விற்பவர் பெயருக்குப் பின்னால் சாதியும் சில பத்திரங்களில் இருக்கும். மண்ணுக்குச் சாதி இல்லை என்பவர்கள் ஒரு பழைய பத்திரத்தையாவது படிக்க வேண்டும்.

இங்கே பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்லாமல் விடும் கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த மனை பஞ்சமி நிலமா? 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். அதையடுத்து 1892இல் அவர்களுக்கு நிலம் வழங்கும் ஆணை வந்தது. ஏறத்தாழ பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு. முதல் பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று யாரிடம் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். அதை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள்.

ஆகவே தாலுகா அலுவலகத்தில் ஏ பதிவேட்டைப் பாருங்கள். நிபந்தனை ஒப்படைப்பு, டி.சி. நிலம் என்ற குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். 1980களில் நடந்த யு.டி.ஆர். பதிவேட்டோடு நின்றுவிடாமல் அதற்கு முந்தைய பதிவேட்டையும் கேளுங்கள்; பல குறிப்புகள் காணாமல் போனது அந்த இடைவெளியில்தான். நிபந்தனையை மீறி வாங்கிய பஞ்சமி நிலத்துக்கு உரிமை கொண்டாட முடியாது. எனவே இது பணத்தைக் காப்பாற்றும் சோதனையும்கூட. பிற சாதித் தோழர்களுக்கு அது அறத்தின் சோதனையும் ஆகும். அழகான மனைப்பிரிவு, நல்ல சாலை, குறைந்த விலை. அதற்கு அடியில் யாருடைய நிலம் கிடக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது செப்டிக் டேங்க். எங்கே இருக்கிறது, மூடி எங்கே, உறிஞ்சு வண்டியின் குழாய் அதுவரை எட்டுமா என்று பாருங்கள். வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு வண்டி எட்டாத தொட்டி என்றால் என்றாவது ஒரு நாள் ஒரு மனிதனை உள்ளே இறக்கப்போகிறார்கள் என்று பொருள். "போன வருசம்தான் ஆள விட்டுச் சுத்தமா எடுத்தோம்" என்று ஒருவர் எங்களிடம் பெருமையாகச் சொன்னார். உரிய பாதுகாப்பு இல்லாமல் மலக்குழிக்குள் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அது மாநகராட்சிக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் பொருந்தும். 2023இல் உச்ச நீதிமன்றம் மலக்குழி மரணத்துக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. வாஸ்து பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்த மூடியைத் திறந்து பார்க்கத் தெரிவதில்லை.

பிறகு மதில் சுவர். உங்கள் சுவரை மட்டும் பார்த்தால் போதாது, அடுத்தவர் சுவரையும் பாருங்கள். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் விடியும் முன்னே ஒரு தனியார் மாளிகையின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் ஊறி விழுந்தது. அடுத்திருந்த வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 தலித் மக்கள் செத்தார்கள். நம் மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவர் 2008 மே மாதம் ஒரு பகுதி இடிக்கப்படும் வரை நின்றது. திருடனுக்காகக் கட்டும் சுவரும் இருக்கிறது, நமக்காகக் கட்டும் சுவரும் இருக்கிறது. எந்தப் பக்கம் சன்னல் இல்லை, எந்தப் பக்கம் மட்டும் சுவர் உயர்ந்திருக்கிறது என்று பார்த்தாலே இரண்டாவது வகை அடையாளம் தெரியும்.

விலையில் இருக்கும் சாதி

"இது காலனி பக்கம் சார், அதான் ரேட் கம்மி. நெகோசியபிள்." தரகர்கள் இதை ஒரு குறையைச் சொல்வது போலக் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். நாங்கள் யார் என்று தெரிந்ததும் அதே தரகர் அந்தப் பக்கத்தை மட்டும்தான் காட்டுகிறார். பத்திரப்பதிவுக்கு அரசு போடும் வழிகாட்டி மதிப்பு தெருவாரியாக, சர்வே எண்வாரியாக இருக்கிறது. உங்கள் ஊரின் பெரிய தெருவுக்கும் காலனித் தெருவுக்கும் என்ன மதிப்பு என்று இணையதளத்தில் தேடி ஒப்பிட்டுப் பாருங்கள். மதிப்பு குறைவு என்றால் அந்த வீட்டை அடமானம் வைத்து வாங்கும் கடனும் குறைவு. கடன் குறைந்தால் மகளின் படிப்புக்கும் மகனின் தொழிலுக்கும் கிடைக்கும் முதல் குறைவு. ஒரே செங்கல், ஒரே சிமென்ட், ஒரே கொத்தனார். நூறு அடி தள்ளிக் கட்டியதால் ஒரு தலைமுறையின் சொத்து சுருங்கிவிடுகிறது. தீண்டாமைக்கு ரூபாயில் கணக்கு வேண்டும் என்பவர்கள் இங்கே தொடங்கலாம்.

இதைத் தனியார் மட்டும் செய்யவில்லை. ஆதிதிராவிடர்களுக்கு வீட்டுமனை கொடுக்க நிலம் எடுப்பதற்கென்றே 1978இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. மனை கொடுத்தது நல்லது. ஆனால் பெரும்பாலும் எங்கே கொடுத்தார்கள்? ஊருக்கு வெளியே, ஏற்கெனவே இருந்த சேரியை ஒட்டி. அரசே பட்டா போட்டுப் பிரிவினையை நிரந்தரமாக்கியது. சென்னையில் கூவம், அடையாறு கரைகளில் இருந்த மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் கொட்டியதும் இதே கதையின் நகர்ப்புறப் பதிப்பு. 2025 ஏப்ரலில் "காலனி" என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். சொல்லை ஓர் ஆணையில் நீக்கிவிடலாம். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கும் அந்த அரைக் கிலோமீட்டரை எந்த ஆணையில் நீக்குவது?

அது முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. திருமங்கலத்தை அடுத்த மேலக்கோட்டையில் 1998இல் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. அடுத்தடுத்த வீடு, ஒரே சுடுகாடு. அந்தத் திட்டத்தில் குறைகள் உண்டு. ஆனால் யார் பக்கத்தில் யார் குடியிருப்பது என்பதில் அரசு தலையிடலாம் என்பதை அது நிறுவிக் காட்டியது.

சட்டம் எங்கே நிற்கிறது?

சாதி பார்த்து ஒருவருக்கு வீடு விற்க மறுத்தால், வாடகைக்குத் தர மறுத்தால் அதைத் தண்டிக்கும் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. ரியல் எஸ்டேட் சட்டம் 2016இல் வந்தது. கட்டி முடித்துக் கொடுத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் கட்டுநர் சரிசெய்து தர வேண்டும் என்கிறது. சுவரில் விரிசல் வந்தால் கேட்க ஆணையம் இருக்கிறது. சாதி சொல்லித் திருப்பி அனுப்பினால் அங்கே தண்டிக்க ஒரு பிரிவும் இல்லை. 2005இல் அகமதாபாத்தின் ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்கும் விதியை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பின் நிழலில் எத்தனை "சைவர்களுக்கு மட்டும்" குடியிருப்புகள் வளர்ந்திருக்கின்றன என்பதை விளம்பரங்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் பிடிமானமே இல்லை என்று கைவிரிக்க வேண்டாம். கடைகளில் பாகுபாடு கூடாது என்கிற அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு பற்றி 1948இல் அரசியல் நிர்ணய சபையில் கேள்வி எழுந்தபோது, கடை என்பது சேவை வழங்க முன்வரும் எவருக்கும் பொருந்தும் விரிந்த பொருளுடையது என்று அம்பேத்கர் விளக்கினார். 2011இல் உச்ச நீதிமன்றமும் அந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியது. வழக்கமான தொழில்முறையில் எல்லோருக்கும் செய்வதைச் செய்ய மறுப்பதும் அதன் வரையறையில் வருகிறது. விற்பனைக்குப் பலகை மாட்டிய வீட்டை எங்களுக்கு மட்டும் விற்க மறுப்பது இதில் அடங்கும் என்று வாதாட இடம் இருக்கிறது.

சிக்கல் நிரூபிப்பதில்தான். துபாய் மகனையும் ஜோசியரையும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் நிறம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அங்கே கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே வருமானத்தோடு, ஒரே கேள்வியோடு ஒரே தரகரிடம் தனித்தனியாக அனுப்பிப் பார்த்தார்கள். ஒருவருக்கு "காலி இல்லை", இன்னொருவருக்கு "எப்போது குடிவருகிறீர்கள்?" இப்படிச் சோதிக்கப் போனவர்களே வழக்குத் தொடுக்கலாம் என்று 1982இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கும் சுகதேவ் தோரட்டும் சக ஆய்வாளர்களும் தில்லி வட்டாரத்தில் ஆதிக்கச் சாதி இந்து, தலித், முஸ்லிம் என மூன்று வகை ஆட்களை வாடகை வீடு கேட்கவைத்து, பாகுபாட்டை 2015இல் பதிவு செய்தார்கள். மிக மோசமாக நடத்தப்பட்டவர்கள் முஸ்லிம்கள். எனவே இது தலித்துகளின் வழக்கு மட்டுமல்ல.

தமிழ்நாடு அரசு இதற்கு ஒரு சட்டம் கொண்டுவர வேண்டும். சொத்து மாற்றம் பொதுப்பட்டியலில் இருக்கிறது, மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. சாதி, மதம், உணவு சொல்லி வீட்டை மறுப்பதும் விளம்பரம் செய்வதும் குற்றமாக வேண்டும். தரகர்கள் பதிவு செய்யப்பட வேண்டும். சாதி கேட்டால் பதிவு ரத்தாக வேண்டும். இரட்டைச் சோதனையின் முடிவு சாட்சியமாக ஏற்கப்பட வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. அது இதைப் படிக்கிற, சொந்த வீட்டில் பிறந்த தோழர்களுக்கானது. உங்கள் அப்பா மாடி வீட்டுக்கு ஆள் தேடும்போது, தாத்தாவின் மனையை விற்கும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? சாதி மறுப்புத் திருமணம் பற்றி வீட்டில் சண்டை போடுகிற பலர், "நம்ம ஆளுங்களுக்குத்தான் தருவோம்" என்று அம்மா தரகரிடம் சொல்லும்போது பக்கத்து அறையில் இருக்கிறார்கள். அந்த அறையிலிருந்து வெளியே வாருங்கள். யார் வந்தாலும் காட்டுங்கள் என்று தரகரிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். வீடு தேடும் தலித் தோழரோடு, முஸ்லிம் தோழரோடு சேர்ந்து போங்கள். அவருக்கு முகமூடியாகப் போக வேண்டாம், சாட்சியாகப் போங்கள். அவருக்கு இல்லை என்ற வீட்டுக்கு மறுநாள் நீங்கள் தனியாகப் போய்க் கேளுங்கள். "இருக்கு, வாங்க" என்றால் தேதியோடு எழுதி வையுங்கள், கையெழுத்துப் போடுங்கள். நாளைக்கு வழக்கு என்று ஒன்று வந்தால் எங்களிடம் இல்லாத ஒரே ஆவணம் அதுதான்.